தானிய வங்கி தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வியின் சாரம் இது: சுமார் ஐம்பது குடும்பங்கள் உள்ள விவசாய ஊர். அறுவடை முடிந்த கையோடு தானியத்தை விற்றுவிடுகிறார்கள். ஏழெட்டு மாதம் கழித்து வீட்டில் இருப்பு தீர்ந்ததும், அதே தானியத்தை ஏறிய விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஓர் உதவி நிறுவனம் கிடங்கு கட்டித் தருகிறேன் என்கிறது. தானிய வங்கி, அதாவது ஊரார் சேர்ந்து தானியத்தைச் சேமித்து வைத்து, தட்டுப்பாட்டு மாதங்களில் கடனாகவோ விலைக்கோ கொடுக்கும் ஏற்பாடு, வைத்தால் சரிப்படுமா? எப்படி நடத்துவது?

சரிப்படும். ஆனால் கிடங்கைக் கடைசியில் கட்டுங்கள். தானியத்தைக் கெடாமல் காப்பது கற்றுக்கொண்டால் வந்துவிடும் வேலை. கொடுத்த தானியத்தைத் திரும்ப வரவைப்பதுதான் கஷ்டம். சகாராவுக்குத் தெற்கே சாஹேல் நாடுகளில் 1970களின் வறட்சிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் ஊர் ஊராகத் தானிய வங்கிகள் தொடங்கின. அவற்றில் நிறைய, சில ஆண்டுகளில் பூட்டிக் கிடந்த கட்டடங்களாயின. வண்டு தின்று மூடியவை கொஞ்சம்தான். கடனாகப் போன தானியம் வராமலும், மலிவாக விற்ற காசில் அடுத்த ஆண்டு அதே அளவு வாங்க முடியாமலும் முடங்கியவையே அதிகம்.

முதலில் ஒரு பத்து வீட்டில் உட்கார்ந்து நான்கு விஷயம் கேளுங்கள். போன அறுவடையில் எத்தனை மூட்டை கிடைத்தது, முதல் மாதத்தில் எத்தனை போயிற்று, யாருக்குப் போயிற்று, அந்தக் காசு எதற்குப் போயிற்று. கடைசி இரண்டு கேள்விகள்தான் முக்கியம். "வீட்டில் வைத்தால் வண்டு விழுந்துவிடும், அதனால் விற்றோம்" என்று பாதிப் பேர் சொன்னால் உங்கள் பிரச்சினை சேமிப்பு. நல்ல பையும் பயிற்சியும் போதும், வங்கிகூட வேண்டியதில்லை. "விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனுக்குப் போயிற்று" என்பதே பெரும்பாலோர் பதிலாக இருந்து, கடன் கொடுத்தவரும் தானியம் வாங்கியவரும் ஒரே ஆளாகவும் இருந்தால், எவ்வளவு பெரிய கிடங்கு கட்டினாலும் அது காலியாகத்தான் இருக்கும். தானியம் கிடங்கு வாசல் வரை வரவே வராது. களத்திலிருந்து நேராகக் கடன்காரர் வண்டியில் ஏறிவிடும்.

அப்படிப்பட்ட ஊருக்குப் பொருந்துவது, இருப்பில் வைத்த தானியத்தின் பேரில் கடன். நைஜரில் 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய முறை இது. விவசாயி தன் மூட்டைகளைப் பொதுக் கிடங்கில் வைக்கிறார். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கடன் கொடுக்கும் சங்கத்திடம், மற்றது விவசாயிகள் குழுவிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். அன்றைய சந்தை மதிப்பில் 60 முதல் 70 சதவீதம் வரை கையில் பணமாகக் கிடைக்கிறது. அதில் பழைய கடனை அடைக்கிறார். ஐந்தாறு மாதம் கழித்து விலை ஏறியதும் கொஞ்சத்தை விற்றுப் புதுக் கடனை முடித்து, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். முழு மதிப்புக்கும் கடன் கொடுக்காதீர்கள். விலை இறங்கினால் மூட்டையை மீட்க வருவதற்கு அவருக்குக் காரணம் இருக்காது.

இது எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். மாதம் 2 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு 12. கிடங்குச் செலவு 3, எடைக் குறைவு 2 என்று வைத்தால் மொத்தம் 17. விலை 17 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் வைத்திருந்ததில் பொருள் உண்டு. (கடன் தொகை முழு மதிப்பைவிடக் குறைவு என்பதால் உண்மைச் சுமை சற்றுக் குறையும். ஆனாலும் இந்தக் கடுமையான கணக்கை வைத்து முடிவெடுப்பது நல்லது.) குறைந்தது ஐந்து ஆண்டுகளின் மாதவாரி விலையை எழுதிப் பாருங்கள். வெளியிலிருந்து இறக்குமதி வந்தாலோ அரசு தன் இருப்பைச் சந்தையில் விட்டாலோ, விலை ஏறாத ஆண்டும் வரும். ஐந்தில் இரண்டு ஆண்டு ஏறவில்லை என்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

அடுத்தது அளவு. அவசர உணவு உதவித் திட்டங்களில் ஒருவருக்கு நாளைக்கு 2,100 கலோரி என்று திட்டமிடுவார்கள். அதில் பெரும்பங்கு தானியம். 100 கிராமில் சுமார் 350 கலோரி என்று கொண்டு, தலைக்கு 400 கிராம் வைப்பது வழக்கம். மாதத்துக்கு 12 கிலோ, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 60 கிலோ. வீட்டு இருப்பு தீர்ந்து அடுத்த அறுவடை வரும் வரை உள்ள பஞ்ச காலம் மூன்று மாதம் என்றால், ஐம்பது வீட்டுக்கு 9,000 கிலோ. இதுதான் உச்ச அளவு. எல்லா வீட்டுக்கும் முழு மூன்று மாதமும் தேவைப்படாது, பாதி வைத்துத் தொடங்கினாலே போதும். தானியம் மட்டும் இருந்தால் வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது. தலைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் பருப்புவகையும் சேர்த்தால்தான் குழந்தைகளுக்குப் பிரயோஜனம். பயறைத் தனிப் பேரேட்டில் வையுங்கள். அதன் விலையும் பூச்சியும் வேறு.

இனி ஈரம். சேமிப்பில் கெடுவதில் பெரும்பங்கு, மூட்டை கட்டிய அன்றே முடிவாகிவிடுகிறது. மக்காச்சோளம் 13 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நெல்லும் 13-ஐ ஒட்டி இருக்கட்டும். பயறுவகை 12. நிலக்கடலைப் பருப்பு இன்னும் கீழே, 7 அல்லது 8. கருவி இல்லாத இடத்தில் உப்புச் சோதனை செய்வார்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த பொடியுப்பு. ஒரு நிமிஷம் குலுக்கி, கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15-க்கு மேல். ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே, அவ்வளவுதான். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 14.5 இருந்தாலும் உப்பு ஒட்டாது, ஆனால் அந்தத் தானியம் இரண்டே மாதத்தில் மக்கிய வாடை அடிக்கும். உப்பு ஒட்டாத பிறகும் இன்னொரு நாள் வெயில் காட்டுவது பாதுகாப்பு. ஐம்பது குடும்பம் சேர்ந்து செய்கிற காரியத்துக்கு ஓர் ஈரமானி வாங்கிவிடுவதே நல்லது. உதவி நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய பொருள் அதுதான்.

காயவைப்பது தார்ப்பாயில். வெறும் மண்ணில் கொட்டினால் கல்லும் சேரும், மண்ணில் இருக்கும் பூஞ்சையும் சேரும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பாமல், அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடிவிடுங்கள், இரவுப் பனி பகலெல்லாம் காய்ந்ததைக் கெடுத்துவிடும். நெல்லைச் சுட்டெரிக்கும் வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்தால் அரைக்கும்போது குருணை அதிகமாகும், கொஞ்சம் கொஞ்சமாகக் காயவிடுங்கள். வெயிலில் சூடேறிய தானியத்தை அப்படியே பையில் கட்டுவது அடுத்த தவறு. இரவில் பை குளிர்ந்ததும் உள்பக்கம் வியர்க்கும், மேல்மட்டத்தில் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவைத்து, மறுநாள் காலையில் கட்டுங்கள்.

ஈரத்தில் விளையாடக் கூடாது என்பதற்கு 2004இல் கென்யாவில் நடந்ததே போதும். சரியாகக் காயாத மக்காச்சோளத்தை வீட்டுக்குள் வைத்துச் சாப்பிட்டதில், பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சால் 317 பேர் நோயுற்றதாகவும், அவர்களில் 125 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நிறம் மாறிய, சுருங்கிய, உடைந்த மணிகளில்தான் அது அதிகம் சேரும் என்பதால், மூட்டை கட்டும் முன் சலித்துப் பொறுக்கி எடுப்பது வீண்வேலை அல்ல. பொறுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். பாலிலும் அது வரும்.

ஈரத்துக்கு எடையிலும் கணக்கு உண்டு. ஒருவர் 16 சதவீத ஈரத்தில் 100 கிலோ கொண்டு வருகிறார். 13-க்குக் காய்ந்த பிறகு அது 100 × 84 ÷ 87, அதாவது 96.5 கிலோதான் இருக்கும். 18 சதவீதத்தில் கொண்டு வந்தால் 94.25. இதைப் பார்க்காமல் 100 கிலோ என்று வரவு வைத்தால், நன்றாகக் காயவைத்துக் கொண்டு வந்தவர் ஏமாளி ஆகிறார். அடுத்த ஆண்டு அவரும் ஈரத்தோடு கொண்டு வருவார். 12 முதல் 18 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு வரவு என்று ஓர் அட்டவணை எழுதித் தராசுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். 14-க்கு மேல் இருப்பதை வாங்குவதே இல்லை, காயவைத்துக் கொண்டு வரட்டும் என்பது இன்னும் நல்ல விதி. அட்டவணையை வைத்துக்கொண்டு தராசடியில் வாக்குவாதம் செய்வதைவிட அது எளிது.

தராசு என்றதும் ஒன்று. எக்காரணம் கொண்டும் பாத்திரத்தால் அளக்காதீர்கள். வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்தார்கள் என்ற ஒரு பேச்சு போதும், வங்கியின் பேர் கெட்டுவிடும். வரவுக்கும் பற்றுக்கும் ஒரே தராசு. அதை வாராவாரம் எல்லோர் முன்னிலும் சரிபார்க்க எடைக்கல்லே வேண்டாம். காலிக் கேனைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, அதில் 20 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். முள் சரியாக 20 கிலோ கூடுதலாகக் காட்ட வேண்டும். லிட்டர் பாட்டிலால் இருபது முறை எண்ணி ஊற்றுவதை ஒரு சிறுபிள்ளையை விட்டுச் செய்யச் சொன்னால் இன்னும் நம்புவார்கள்.

பூச்சிக்கு இப்போது நல்ல வழி காற்றுப்புகாப் பை. 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறு வண்டுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து லாரி மர்டாக்கின் குழு உருவாக்கியது. உள்ளே 80 மைக்ரான் கனமுள்ள இரண்டு பாலித்தீன் பைகள், வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே இருக்கும் வண்டும் தானியமும் சுவாசித்து இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருப்பது ஐந்துக்கும் கீழே வந்ததும் பூச்சி தின்பதை நிறுத்துகிறது, பிறகு தண்ணீர்ச்சத்து வற்றி இறக்கிறது. மருந்து எதுவும் வேண்டாம். பிழை எல்லாம் கட்டும்போதுதான் வருகிறது. பையை அரைகுறையாக நிரப்பினால் உள்ளே காற்று மிஞ்சி, அது தீரும் வரை வண்டு தின்றுகொண்டிருக்கும். வாய் வரை அமுக்கி நிரப்பினால் கட்டுவதற்கு இடம் இருக்காது. மேலே ஒரு முழங்கை அளவு பை விட்டு, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, முதல் பையின் வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். இரண்டாவதைத் தனியாக, சாக்கை மூன்றாவதாக. மூன்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டுகிறவர்கள் உண்டு. அது காற்றுப்புகாப் பை அல்ல, விலையுயர்ந்த சாக்கு.

கட்டும் முன் பையில் ஓட்டை பார்க்க, காற்றை அடைத்து வாயைப் பிடித்துக்கொண்டு கன்னத்தருகே வைத்து அழுத்திப் பாருங்கள். கசிவு தோலில் தெரியும். குத்தூசி போட்டு மாதிரி எடுக்கும் பழக்கம் இந்தப் பைகளோடு ஆகாது, ஒரு குத்தில் வேலை முடிந்தது. அதற்குப் பதில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பையைத் தனியே கட்டி வைத்து, இரண்டு மாதம் கழித்து அதை மட்டும் திறந்து பாருங்கள். வீட்டுச் செலவுக்குத் தினமும் கைவிட்டு எடுக்கும் பைக்கு இந்த முறை ஒத்துவராது. திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகிறது. ஈரத் தானியத்துக்கும் இது மருந்தல்ல. ஈரமாக அடைத்தால் புளித்த வாடையோடுதான் வெளியே வரும். எலி பல் வைத்தாலும் பை போச்சு.

வண்டைக் கொல்ல நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை மலிவு என்று யாராவது சொல்வார்கள். ஒரு 3 கிராம் மாத்திரை 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். மூடிய வீட்டில் அது ஆளைக் கொல்லும். உரிமம் பெற்றவர், வாயு கசியாத விரிப்பு, ஆள் குடியில்லாத தனிக் கட்டடம், குறைந்தது ஒரு வார மூடல் என்று எல்லாம் சேர்ந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம். சாக்குக்கு ஒரு மாத்திரை என்று செருகிவிடும் பழக்கத்தால் வண்டுக்குத் தாங்கும் சக்தி வளர்ந்ததுதான் மிச்சம்.

கடன் விதிகளுக்கு வருகிறேன். இங்கே பொறுமையாகப் படியுங்கள், வங்கி சாவதும் பிழைப்பதும் இந்த இடத்தில்தான்.

பஞ்ச காலத்தில் 100 கிலோ வாங்கியவர் அறுவடையில் எத்தனை கிலோ தர வேண்டும்? ஊர்க் கடன்காரர் 150, 200 கேட்கும் இடத்தில், 110 போதும் என்று கருணையாக முடிவு செய்வார்கள். கணக்கைப் பாருங்கள். 9,000 கிலோவும் கடனாகப் போகிறது. பத்தில் ஒரு பங்கு திரும்பவில்லை. மிச்சம் 8,100-க்கு 10 சதவீதம் சேர்த்து வந்தது 8,910. சேமிப்பில் 2 சதவீதம் குறைந்து 8,730. பை, கூலி, காவல் என்று 200 கிலோ மதிப்பு போனால் 8,530. இதே ரீதியில் ஐந்தாவது ஆண்டு முடிவில் இருப்பு 6,800 கிலோ. யாரும் திருடவில்லை, எதுவும் மக்கவில்லை. ஆனாலும் கால்பங்கு காணாமல் போயிற்று. 15 சதவீதம் வைத்தாலும் மெதுவாகக் கரையும். 20 வைத்தால்தான் முதல் ஆண்டு 9,325 ஆகி வளர ஆரம்பிக்கும். திரும்பாத பங்கை 4 சதவீதத்துக்குள் அடக்க முடிகிற ஊருக்கு 10 போதும். ஆகவே முதல் இரண்டு ஆண்டு 20 வைத்து, நன்றாக வசூலானால் குறைப்பது சரியான வரிசை. முதலில் குறைத்து வைத்துவிட்டு ஏற்றுவது நடக்காத காரியம்.

மூன்று மாதக் கடனை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். மாதம் 60 கிலோ என்று பிரித்துக் கொடுங்கள். மொத்தமாகப் போன மூட்டை பாதி வேறு செலவுக்கு விற்கப்படும். திருப்பும் நாளை அறுவடை முடிந்த மூன்று வாரத்துக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் களத்தில் தானியம் இருக்காது. நான்கைந்து குடும்பம் ஒரு குழுவாகி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறை பரவலாகப் பேசப்படுகிறது. சில ஊர்களில் நன்றாக நடக்கும், சில ஊர்களில் ஒருவர் தராததைக் காட்டி ஐவருமே நிறுத்திவிடுவார்கள். அதைவிட ஒவ்வொருவரும் கடன் வாங்கும் முன் தன் சொந்தத் தானியத்தில் கொஞ்சம், 20 கிலோவாவது, போட்டிருக்க வேண்டும் என்பது உறுதியான பிடி. நிலமில்லாதவர்களிடம் அந்த 20 கிலோ இருக்காது. அவர்கள் உழைப்பாக, அதாவது காயவைத்தல், மூட்டை கட்டுதல், காவல் என்று அந்தப் பங்கைச் சேர்க்க வழி வையுங்கள். இல்லாவிட்டால் வங்கி வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உதவும்.

கடனே தராத கூட்டுறவும் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொழிலாளர்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்றவற்றை வைத்துத் தொடங்கிய கடையில் ரொக்கம்தான். லாபத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முன் கடன் கொடுத்து மூடிய கூட்டுறவுக் கடைகளைப் பார்த்துக் கற்ற பாடம் அது. உங்கள் ஊரில் பஞ்ச காலத்திலும் கூலி வேலை கிடைக்கிறது என்றால், அறுவடையில் வாங்கிப் பின்னால் ரொக்கத்துக்கு விற்கும் முறை கடனைவிட நிம்மதி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கிலோ 10 என்று 1,000 கிலோ வாங்கி, சந்தையில் 18 ஓடும்போது 13-க்கு விற்கிறீர்கள். எல்லோரும் வாழ்த்துவார்கள். வந்த 13,000-ல் செலவு 1,000 போக 12,000. அடுத்த அறுவடையில் விலை 15 என்றால் 800 கிலோதான் வாங்கலாம். சந்தையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து விற்றால் போதும். அதற்குமேல் இரக்கம் காட்ட வேண்டிய குடும்பங்களுக்கு வேறு கணக்கிலிருந்து காட்டுங்கள்.

மழை பொய்த்த ஆண்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் தர முடியாமல் போவார்கள். அப்போது கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்று விட்டால், அந்தக் கூட்டம் எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கலையும். முன்கூட்டியே எழுதி வையுங்கள்: பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் விளைச்சல் வழக்கத்தில் பாதிக்கும் குறைந்தால், அந்த ஆண்டு கடன் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும், கூடுதல் வட்டி கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. இருப்பில் கால்பங்கை எந்த ஆண்டும் கடனாக விடாமல் நிறுத்தி வைத்தால், அந்த மோசமான ஆண்டிலும் கிடங்கு காலியாகாது. அந்தக் கால்பங்கை வருஷா வருஷம் மாற்றிவிட வேண்டும். பழையது முதலில் வெளியே போகட்டும், புதியது உள்ளே வரட்டும்.

உதவி நிறுவனத்திடம் என்ன கேட்பது? தானியத்தை இலவசமாகக் கொண்டுவந்து கிடங்கை நிரப்பித் தருகிறேன் என்றால் யோசியுங்கள். "வந்த தானம்தானே" என்ற எண்ணம் ஒருமுறை விழுந்தால் வசூல் நடக்காது. உறுப்பினர்கள் போடும் ஒவ்வொரு கிலோவுக்கும் நிறுவனம் ஒரு கிலோ போடட்டும். அதையும் அறுவடைச் சமயத்தில் அந்த வட்டாரச் சந்தையிலேயே வாங்கட்டும். வெளியிலிருந்து தானியம் எந்த மாதத்தில் வருகிறது என்பது எவ்வளவு வருகிறது என்பதைவிடப் பெரிய விஷயம். 1976 பிப்ரவரியில் குவாத்தமாலாவில் பூகம்பம் வந்தபோது விளைச்சல் நன்றாகவே இருந்தது, வீடுகள்தான் இடிந்திருந்தன. அங்கே கப்பல் கப்பலாக உணவு போய் இறங்கியது. தங்கள் தானியத்தை விற்று வீடு கட்ட நினைத்த விவசாயிகளுக்கு அது உதவியாக இல்லை. சந்தையில் தானியம் இருக்கிறது, மக்கள் கையில் காசு இல்லை என்றால் காசு கொடுப்பதே சரி. தானியமே இல்லை, பாதை அடைபட்டிருக்கிறது என்றால்தான் மூட்டை.

விதைத் தானியத்தை உணவுத் தானியத்தோடு ஒரே அறையில் வைக்கவே கூடாது. ஈராக்கில் 1971-72இல் பாதரசக் கலவை பூசிய விதைக் கோதுமை இறக்குமதியாகி வந்தது. பல இடங்களில் விதைப்புக் காலம் தாண்டிய பிறகுதான் கைக்குக் கிடைத்தது. சாக்கின் மேல் எச்சரிக்கை அந்த ஊரார் படிக்க முடியாத மொழிகளில் இருந்தது. பசித்தவர்கள் கழுவி ரொட்டி சுட்டார்கள். எச்சரிக்கைக்காக விதையில் ஏற்றிய சாயம் கழுவலில் போயிற்று, பாதரசம் போகவில்லை. மருத்துவமனைகளில் மட்டும் 6,530 பேர் சேர்க்கப்பட்டு 459 பேர் இறந்ததாகப் பதிவு. உங்கள் வங்கியில் விதைக்கு வேறு நிறச் சாக்கு, வேறு பூட்டு, வேறு பேரேடு. மருந்து பூசிய விதையை வாங்கவே வேண்டாம். வேண்டுமானால் விதைக்கும் வாரத்தில் அவரவர் பூசிக்கொள்ளட்டும்.

பேரேடு பற்றிச் சுருக்கமாக: தேதி, பெயர், ஈரப்பதம், எடை, வரவா பற்றா, இருப்பு, இரண்டு கையெழுத்து. இருப்பைக் கிடங்கு வாசல் பலகையில் மாதம் ஒருமுறை சாக்கட்டியால் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மூட்டையை எண்ணத் தெரியும். பலகையில் 84 என்றிருந்து உள்ளே 79 இருந்தால் அன்றே பேச்சு கிளம்பும், அப்படிக் கிளம்புவது நல்லது. சாவி வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், எடை போடுபவர் மூவரும் வேறு வேறு வீட்டுக்காரர்களாக இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது வீட்டில் சமையல் பொறுப்புள்ள பெண்ணாக இருந்தால், எந்த வீட்டில் உண்மையாகவே இருப்பு தீர்ந்தது என்பது குழுவுக்கு முன்கூட்டியே தெரியும்.

முதல் ஆண்டு பதினைந்து குடும்பம், 2,000 கிலோ, பூட்டுள்ள ஏதாவது ஓர் அறை, நாற்பது பை, ஓர் ஈரமானி, ஒரு தராசு, நான்கு தார்ப்பாய். இரண்டாம் ஆண்டு வசூல் 95 சதவீதம் வந்தால் முப்பது குடும்பம். மூன்றாம் ஆண்டும் அப்படியே வந்தால் அந்த நிறுவனத்தைக் கட்டடத்துக்குக் கூப்பிடுங்கள். மூட்டையில் உள்ள ஒரு டன் தானியத்துக்குச் சுமார் 1.7 கன மீட்டர் இடம் வேண்டும். 9 டன்னுக்கு 15 கன மீட்டர். 2 மீட்டர் உயரத்துக்கு அட்டி போட்டால் தரையில் 8 சதுர மீட்டர், அதாவது நாலுக்கு இரண்டு. சுற்றிலும் ஒரு மீட்டர் நடைபாதை விட்டால் ஆறுக்கு நாலு மீட்டர் அறை போதும். தளம் வெள்ள மட்டத்துக்கு மேலே, கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் விரிப்பு, மூட்டைக்கு அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர மரச்சட்டம். கூரை சுவரைத் தாண்டி நன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஜன்னலைச் சுவரின் மேல்பகுதியில் வைத்து, அதற்குக் கம்பிவலை. சுண்டெலிக் குஞ்சு 6 மில்லிமீட்டர் சந்தில் நுழைந்துவிடும், கதவின் அடியில் தகரம் அடிக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.